வெள்ளைப் புள்ளிகளும் பம்பலப்பிட்டி நானாவும்

புரொஜெக்டரில் வெள்ளைப் புள்ளி விழத் தொடங்கிவிட்டதா? உள்ளே இருக்கும் மின்சுற்றுப் போர்டை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே காசை எண்ணிக் கொடுக்காதீர்கள். பம்பலப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் விஷயம் தெரிந்த ஒருவர் இருக்கிறார். பெயர்ப்பலகையில் இன்னும் பழைய போட்டோக்கொப்பிக் கடையின் பெயர்தான் தொங்குகிறது. தன் பெயரை எங்கேயும் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், இருக்கிற வேலையே முடிக்க ஏலாமல் கிடக்கிறதாம். வருகிறவர்கள் எல்லோரும் "நானா", அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வகுப்பில் இருப்பது பாவித்த டிஎல்பி புரொஜெக்டர், அதாவது சின்னஞ்சிறு கண்ணாடிகளால் படம் காட்டும் வகை. பாடக் குறிப்புகளைக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் போடுவது என் வழக்கம், கடைசி வாங்கில் இருப்பவருக்கும் தெளிவாகத் தெரியும். வினையும் அதில்தான் வந்தது. முதலில் மூலையில் ஒரு புள்ளி, அது யாருக்கும் உறுத்தவில்லை. அப்புறம் நடுவிலும் வந்தது. 150 நியூட்டன் என்று நான் போட்டது பாதிக் கொப்பிகளில் 1.50 என்று ஏறியிருந்தது. "மிஸ், ஸ்லைட் மாறினாலும் இந்தத் தசமம் மட்டும் மாறுதில்லையே" என்றான் ஒருவன்.

முதலில் கொண்டுபோன இடம் எது என்று சொல்லப் போவதில்லை. அங்கே பெட்டியைத் திறக்காமலேயே பிரதான போர்டு போய்விட்டது, 85,000 ரூபா ஆகும் என்றார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

நானா செய்த முதல் வேலை கேபிளைக் கழற்றியது. கணினி இல்லாமல், புரொஜெக்டரின் சொந்த மெனுவை மட்டும் திரையில் வரவைத்தார். புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பிறகு வில்லையைத் திருகிப் படத்தை மங்கலாக்கிக் கூர்மையாக்கிப் பார்த்தார். எழுத்து மங்கும்போது புள்ளியும் மங்கியது, எழுத்து தெளியும்போது புள்ளியும் தெளிந்தது. அப்படியானால் அது வில்லையில் ஒட்டிய தூசு இல்லை. கடைசியாக, "டீச்சர், புள்ளி என்ன நிறம்?" என்று என்னையே கேட்டார். வெள்ளை என்றேன். "அப்ப கண்ணாடிதான். இத ஆராலயும் திருத்த ஏலாது. சிப்ப மாத்தத்தான் வேணும்."

நிறத்தை ஏன் கேட்டார் என்பது எனக்குப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டிஎல்பி புரொஜெக்டரின் உள்ளே சிறுவிரல் நகத்தளவில் ஒரு சிப் இருக்கிறது. என்னுடையதில் படம் உருவாகும் பகுதி ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் அகலம், 8 மில்லிமீட்டர் உயரம். அதற்குள் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வோர் அலுமினியக் கண்ணாடி. 1024ஐ 768ஆல் பெருக்கினால் 7,86,432 கண்ணாடிகள். ஒன்றின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 10.8 மைக்ரோமீட்டர்தான், ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் ஐந்தாறு அடங்கிவிடும். ஒவ்வொன்றும் மெல்லிய உலோகப் பிணைச்சலில் தொங்குகிறது. கீழே உள்ள நினைவுக் கலம் மின்னழுத்தம் கொடுக்க, நிலைமின் கவர்ச்சியால் ஏறக்குறைய 12 பாகை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். ஒரு பக்கம் சாய்ந்தால் விளக்கின் ஒளி வில்லை வழியே திரைக்குப் போகும். மறுபக்கம் சாய்ந்தால் உள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். இரண்டே நிலை. சாம்பல் நிறம் வேண்டுமென்றால் கண்ணாடி செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை புரண்டு புரண்டு விழும், வெளிச்சப் பக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு பிரகாசம்.

ஒரே சிப் உள்ள புரொஜெக்டரில் நிறத்தைத் தருவது முன்னால் சுழலும் நிறச் சக்கரம். சிவப்பு, பச்சை, நீலம் மாறி மாறி வர, எந்த நிறத்தில் எந்தக் கண்ணாடி திரும்ப வேண்டும் என்பதை மின்சுற்று தீர்மானிக்கிறது. வெளிச்சப் பக்கம் சாய்ந்தபடியே இறுகிப்போன கண்ணாடி எல்லா நிறத்தையும் திரைக்கு அனுப்பும், அதனால் வெள்ளைப் புள்ளி. இருட்டுப் பக்கம் இறுகினால் கறுப்புப் புள்ளி. நானா இதை இந்தச் சொற்களில் சொல்லவில்லை. ஆனால் அவருடைய கேள்வியின் பின்னால் இருந்தது இதுதான்.

டெக்ஸாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹோர்ன்பெக் என்ற பௌதிகவியலாளர் 1977இலேயே நுண் கண்ணாடிகளில் வேலை தொடங்கினார். அப்போது கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கப் பார்த்தார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளைந்து பத்து வருஷம் போனது. 1987இல் வளைப்பதை விட்டுவிட்டு இரண்டே நிலையில் புரட்டும் கண்ணாடிக்கு மாறினார், வழி திறந்தது. 1996இல் புரொஜெக்டர்கள் சந்தைக்கு வந்தன. 2015இல் அவருக்கு ஒஸ்கார் சிலையே கொடுத்தார்கள். பௌதிகவியல் படித்தால் ஒஸ்கார் கிடைக்குமா என்று கேட்கும் பிள்ளைக்கு நான் சொல்லும் பெயர் இதுதான்.

சரி, ஏன் திருத்த ஏலாது? ஒரு பொருளின் நீளத்தைப் பத்திலொன்றாக்கினால் பரப்பு நூறிலொன்றாகும், கனவளவு ஆயிரத்திலொன்றாகும். இந்த அளவுக்குச் சிறுத்தபின் நிறை கணக்கிலேயே வராது, பரப்பில் ஒட்டும் விசைதான் அரசாளும். சாய்ந்த கண்ணாடி விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஒட்டாத மெல்லிய பூச்சு, முனையில் சின்னச் சுருள்வில் போன்ற அமைப்பு, எல்லாவற்றையும் மூடி முத்திரையிட்ட கண்ணாடிப் பெட்டி. அதைத் திறந்தால் அத்தோடு சிப் முடிந்தது. சிப்பைத் துடைத்துப் புள்ளியை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.

பிணைச்சல் முறிந்துவிடும் என்றுதான் ஆரம்பத்தில் பலரும் பயந்தார்கள். ஒரு இலட்சம் கோடி தடவைக்கு மேல் ஆட்டிச் சோதித்தும் அது முறியவில்லை. கெடுப்பது வெப்பம். சூட்டில் ஒரே பக்கமாக அதிக நேரம் சாய்ந்து நிற்கும் பிணைச்சலுக்கு அந்தப் பக்கச் சாய்வு மெல்ல நிரந்தரமாகிவிடும். நானா சிப்பின் பின்னாலிருந்து சூட்டை இழுத்தெடுக்கும் உலோகத் துண்டான ஹீட் சிங்கைக் கழற்றிக் காட்டியபோது, இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் தூளாகக் கொட்டியது. காற்று இழுக்கும் வலை முழுக்கக் காலி வீதித் தூசு. "2022ல கரண்ட் போய்ப் போய் வந்த நேரம் பாவிச்ச மெஷின்தானே?" என்றார். ஆம். விளக்கு கொதிக்கும்போதே மின்சாரம் போனால் விசிறியும் நின்றுவிடும், சூடு உள்ளேயே தங்கும். அந்தக் காலத்து மெஷின்கள்தான் தன்னிடம் அதிகம் வருகின்றன என்பது அவருடைய கணக்கு.

மாற்றும்போது பக்கத்தில் இருந்து பார்க்க விட்டார், இது எல்லா இடத்திலும் கிடைக்காது. உடம்பில் சேரும் நிலைமின் சிப்பைக் கெடுக்காதிருக்க, மணிக்கட்டில் பட்டியைக் கட்டி நிலத்துடன் தொடுத்துக்கொண்டார். பழைய சிப்பின் பின்னாலுள்ள இலக்கத்தையும் புதியதன் இலக்கத்தையும் உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வோர் எழுத்தாக வாசித்து ஒப்பிட்டார். சிப் ஈயம் வைத்து ஒட்டப்படுவதில்லை, நுண்ணிய வில் முனைகளின் மேல் அழுத்தி வைக்கப்படுகிறது. அதனால் திருகாணிகளை ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிர் மூலையாக அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறுக்கினார். ஒரு பக்கம் தூக்கி நின்றால் திரையில் கோடு கோடாக வருமாம். கண்ணாடி முகத்தில் விரல் படவே இல்லை, காற்றுப் பம்பியால் மட்டும் ஊதினார்.

மொத்தம் 34,000 ரூபா. உடைந்த மெஷினிலிருந்து எடுத்த சிப் என்றால் குறைவு, புதியது என்றால் இந்த விலை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். புரொஜெக்டரைக் கையில் தருமுன் முழுக் கறுப்பு, முழு வெள்ளை, பிறகு தனித்தனி நிறம் என்று திரையில் போட்டு என்னையே தேடச் சொன்னார். ஒரு புள்ளி இல்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். சிப் சீனாவிலிருந்து வரவேண்டும், எப்போது வரும் என்று கேட்டால் "வரும் டீச்சர்" என்பதுதான் பதில். வந்தபின் அவராக அழைக்கவும் மாட்டார், நாம்தான் போய்க் கேட்க வேண்டும். வொரண்டி மூன்று மாதம், அதுவும் கையால் எழுதிய பில்லில். கொம்பனிக்கோ பாடசாலைக்கோ கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கு இந்தப் பில் உதவாது. வாகனம் நிறுத்த இடமே இல்லை, பஸ்ஸில் போவது மேல். ஆனால் சந்தேகம் கேட்டால் அலுக்காமல் பதில் சொல்கிறார், 85,000 என்ற இடத்தில் அதுவும் கிடைக்கவில்லை.

பழைய சிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தருவார். நான் வகுப்பில் அதன் மேல் சிவப்பு லேசர் பேனாவைப் பிடித்தேன். இரண்டு மீட்டர் தள்ளியிருந்த சுவரில் புள்ளிகள் வலைபோல் வரிசையாக விழுந்தன, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 12 சென்ரிமீட்டர் இடைவெளி. பிள்ளைகள் அளவுநாடாவைப் பிடித்து, லேசரின் அலைநீளம் 650 நனோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டு, கண்ணாடிகளின் இடைவெளி 11 மைக்ரோமீட்டருக்குக் கிட்ட என்று கண்டுபிடித்தார்கள். லேசர் யாருடைய கண்ணிலும் படாமல் சிப்பை மேசையோடு ஒட்டிவிட்டுச் செய்யுங்கள். கடைக்குப் போவதென்றால் வெள்ளிக்கிழமை மத்தியானம் வேண்டாம், ஜும்ஆவுக்குப் பூட்டியிருக்கும். ரிமோட்டையும் பவர் வயரையும் மறக்காமல் கொண்டுபோங்கள், அங்கே கூடுதலாக எதுவும் இல்லை.