மிளகாய்ப் பழ அழுகலுக்கு மன்கோசெப் 80% தூள்: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

திருகோணமலையில் பெரும்போக மிளகாய் காய்க்கிற நேரமும் வடகீழ்ப் பருவமழையும் ஒன்றாக வரும். பழ அழுகலுக்கு வேறென்ன வேண்டும்? பழுக்கத் தொடங்கிய காயில் வட்டமாக ஒரு குழி விழும். அதற்குள் வளையம் வளையமாகக் கறுப்புப் புள்ளிகள். ஈரமான காலையில் பார்த்தால் அதன்மேல் இளஞ்சிவப்புப் பசை படிந்திருக்கும். மழைத்துளி தெறிக்கும்போது அந்தப் பசையிலுள்ள, இந்த நோயைத் தரும் கொலிட்டோட்ரைக்கம் என்ற பங்கசின் வித்திகள்தான் பக்கத்துக் காய்க்குப் போகின்றன.

"மன்கோசெப் அடித்தும் நிற்கவில்லை" என்ற குறையைப் பலர் சொல்கிறார்கள். குழி விழுந்த பிறகு அடித்தால் நிற்காது. இது காயின் மேற்பரப்பில் படிந்து, வித்தி முளைப்பதைத் தடுக்கிற மருந்து. உள்ளே போன பங்கசை அதனால் தொட முடியாது. பச்சைக் காயிலேயே புகுந்து, பழுக்கும்வரை சத்தமில்லாமல் கிடப்பது இந்தப் பங்கசின் குணம். அமெரிக்காவில் கிரான்பெரிப் பழங்களை அழுகவைப்பவற்றிலும் இதே கொலிட்டோட்ரைக்கம் பேரினத்துப் பங்கசுகள் உண்டு. அங்கேயும் பூக்கும் பருவத்திலேயே மருந்தடிக்கிறார்கள். நாமும் பூவும் பிஞ்சுமாக இருக்கையில் தொடங்கி, 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும். பெருமழை கழுவிவிட்டால் இலை காய்ந்ததும் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

அளவு 10 லீற்றர் தண்ணீருக்கு 20 கிராம், 16 லீற்றர் டாங்கிக்கு 32 கிராம். தூளை நேரே டாங்கியில் கொட்டினால் கட்டிபட்டு நொசிலை அடைக்கும். சின்ன வாளியில் கொஞ்சத் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, துணியில் வடித்து ஊற்றுங்கள். இது கரையாமல் மிதக்கிற தூள், நின்றால் அடியில் படியும். ஆகவே இடையிடையே டாங்கியைக் குலுக்க வேண்டும். மிளகாய்க் காய் வழுவழுப்பானது, ஒட்டுத் திரவம் சேர்த்தால்தான் மருந்து தங்கும். சுண்ணாம்பு சேர்ந்த போர்டோக் கலவையோடு கலக்காதீர்கள். கலந்ததை அடுத்த நாளுக்கு வைக்கவும் வேண்டாம்.

இதன் பெரிய பலம், பங்கசின் உயிரணுவுக்குள் பல இடங்களைத் தாக்குவது. அதனால் பங்கசு இதற்குப் பழகுவது அரிது. ஒரே இடத்தைத் தாக்கும் மருந்துகளைத் தொடர்ந்து அடிப்பவர்கள் நடுவில் இதைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

உடைத்த பையிலிருந்து நிறுத்துத் தந்தால் வாங்காதீர்கள்; ஈரமும் வெக்கையும் பட்ட மன்கோசெப் வீரியம் இழக்கும். முகமூடியும் கையுறையும் கட்டாயம். உடல்நலக் காரணங்களால் ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் இதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. பச்சை மிளகாயை வாராவாரம் ஆய்பவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. மருந்தடித்த பின் விடவேண்டியதாக லேபிளில் உள்ள காத்திருப்பு நாட்கள் முடியாமல் ஆயக் கூடாது என்பதால், முற்றிய காயை எல்லாம் ஆய்ந்துவிட்டு, குழி விழுந்தவற்றைப் பொறுக்கித் தோட்டத்துக்கு வெளியே புதைத்த பிறகே டாங்கியைத் தோளில் போடுங்கள்.