டேப் வால்யூம்: குறைக்க ஒன்று, கூட்ட ஒன்று

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் நாலறை வீட்டில் ஹால்தான் என் ஆபீஸ். காலையில் பிரவுசரின் ஒரு டேப்பில் மீட்டிங் ஓடும், இன்னொன்றில் ஒலி 96.8. வானொலியை அடியோடு மியூட் செய்ய மனம் வராது. மீட்டிங் குரலுக்கு அடியில் மெல்லக் கேட்டால் போதும். அதே ஹாலின் மறுமூலையில் அப்பாவுக்கு நேர்மாறான பிரச்சினை. எப்போதோ கேசட்டில் பதிந்து, பிறகு யாரோ யூடியூபில் ஏற்றிவைத்த பட்டிமன்றங்களைத் தேடித் தேடிக் கேட்பார். லேப்டாப்பிலும் யூடியூபிலும் ஒலியை உச்சத்துக்கு ஏற்றினாலும் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வரும். யூடியூப் அதிகச் சத்தமான வீடியோக்களைக் குறைத்துத் தரும். சன்னமாகப் பதிந்ததைத் தானாக ஏற்றித் தராது.

எனக்குக் குறைக்க வேண்டும், அப்பாவுக்குக் கூட்ட வேண்டும். இரண்டுக்கும் பிரவுசரில் சேர்க்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் (துணைநிரல்) போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். போதவில்லை.

எதையும் நிறுவாமலே என்ன செய்யலாம் என்று முதலில் பார்த்துவிடலாம். குரோமில் டேப்பின் மேல் வலது கிளிக் செய்தால் மியூட் வசதி இருக்கிறது. ஆனால் அது அந்தத் தளத்தையே மியூட் செய்யும். யூடியூபில் இரண்டு டேப் திறந்திருந்தால் இரண்டும் அடங்கிவிடும். பயர்பாக்ஸில் கண்ட்ரோல் + எம் அழுத்தினால் அந்த ஒரு டேப் மட்டும் அடங்கும். இந்த விஷயத்தில் எனக்குப் பயர்பாக்ஸ்தான் பிடிக்கிறது. விண்டோஸில் இருக்கும் வால்யூம் மிக்ஸர் ஒவ்வொரு செயலிக்கும் தனி ஸ்லைடர் தரும், ஆனால் அதற்குள் டேப்களைப் பிரிக்க முடியாது. அதனால் மீட்டிங்கைக் குரோமிலும் வானொலியை எட்ஜிலும் திறந்து, எட்ஜை மட்டும் 20 விழுக்காட்டில் வைத்தேன். இரண்டு டேப் மட்டும்தான் உங்கள் சிக்கல் என்றால் இதுவே போதும், மேலே படிக்கவே வேண்டாம். மேக்கில் இந்த மிக்ஸர் கிடையாது.

சரி, எக்ஸ்டென்ஷன்களுக்கு வருவோம். எல்லாவற்றிலும் அதே ஸ்லைடர்தான் தெரியும். ஒலியை எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

குரோமில் வால்யூம் மாஸ்டர் போன்றவை டேப்பிலிருந்து வெளியே வரும் மொத்த ஒலியையும் பிடித்து, பெருக்கி, ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன. பக்கத்துக்குள் வீடியோ ஓடுகிறதா, விளையாட்டு ஓடுகிறதா என்ற கவலை அவற்றுக்கு இல்லை, எல்லா ஒலியும் இதில் சேரும். வால்யூம் மாஸ்டர் 600 விழுக்காடு வரை ஏற்றும், அதாவது சுமார் 15.6 டெசிபெல். அப்பாவின் பட்டிமன்றங்களுக்கு 200 விழுக்காடு, 6 டெசிபெல் கூடுதல், போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் போனால் கைதட்டல் வரும் இடத்தில் அலையின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். அது ஸ்பீக்கரின் குறையல்ல. டிஜிட்டல் ஒலிக்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டியது நறுக்கப்படும்.

இந்த வசதிக்குப் பதிலாக நாம் கொடுக்கும் விலை இரண்டு. டேப்பின் ஒலியை வேறொன்று பிடித்திருக்கும்போது, முழுத்திரை பொத்தானை அழுத்தினாலும் வீடியோ ஜன்னல் அளவுக்குத்தான் விரியும். மேலே டேப் வரிசை அப்படியே நிற்கும். எஃப் 11 அழுத்தினால் சரியாகிவிடும். அப்பாவுக்காக அந்த விசையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவைத்தேன். இரண்டாவது விலைதான் எனக்குப் பெரிது: ஒவ்வொரு புது டேப்பிலும் நீங்களே எக்ஸ்டென்ஷனைக் கிளிக் செய்தால்தான் குரோம் ஒலியைப் பிடிக்க விடும். நியாயமான கட்டுப்பாடுதான். ஆனால் தினமும் வானொலி டேப்பைத் திறந்ததும் தானாகக் குறைந்த ஒலியில் தொடங்க வேண்டும் என்றால் இதில் நடக்காது.

பயர்பாக்ஸில் அப்படி டேப் ஒலியைப் பிடிக்கும் வழியே எக்ஸ்டென்ஷன்களுக்கு இல்லை. அங்கே அவை பக்கத்துக்குள் புகுந்து, வீடியோ, ஆடியோ பிளேயரின் வால்யூமை நேரடியாக மாற்றுகின்றன. முழுத்திரை கெடாது. தளவாரியாக அளவை நினைவில் வைக்கவும் முடியும், அதனால் என் வானொலி இப்போது அங்கேதான். கூட்டும்போதுதான் தடுமாறும். பிளேயரின் சொந்த வால்யூம் 100 விழுக்காட்டைத் தாண்டாது. தாண்ட வேண்டுமானால் ஒலியை வெப் ஆடியோ என்ற பிரவுசரின் ஒலிச் செயலாக்க வசதி வழியாகத் திருப்பிவிட வேண்டும். ஒலிக்கோப்பு வேறொரு தளத்திலிருந்து வந்து, அந்தத் தளம் அனுமதி தராமல் இருந்தால், திருப்பிவிட்ட ஒலி முழு மௌனமாகிவிடும். எக்ஸ்டென்ஷன் போட்ட பிறகு சத்தமே வரவில்லை என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அனுமதி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். பக்கத்துக்குள் புகும் வகை, எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். வேலைக்கு அது தேவைதான், ஆனால் அதே கதவு உங்கள் வங்கிப் பக்கத்துக்கும் திறக்கிறது. எக்ஸ்டென்ஷனை எழுதியவர் இன்று நல்லவராக இருந்தாலும், நாளை அதை வேறொருவரிடம் கைமாற்றலாம். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற பிரபலமான எக்ஸ்டென்ஷன் 2020-ல் கைமாறியது. 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகல் அதை முடக்கியது. அதனால் குரோமில் எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்துக்குப் போய், அது குறிப்பிட்ட தளங்களில் மட்டும் இயங்கும்படி மாற்றிவையுங்கள். சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் மின் அடையாளம்), வங்கி வேலைகளுக்கு எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாத தனி புரொஃபைல் வைத்திருக்கிறேன். இரண்டு நிமிட வேலை.

என் தேர்வு இது: குறைக்கப் பயர்பாக்ஸ் வகை, கூட்டக் குரோம் வகை. மீட்டிங் டேப்பில் மட்டும் எதையும் தொடுவதில்லை. அப்பாவுக்கு 200-க்கு மேல் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் ஹெட்போன் மாட்டியிருந்தால் கண்டிப்பாகக் கூடாது. பெருக்கிய அளவிலேயே அடுத்த வீடியோ தொடங்கினால், இடையில் வரும் விளம்பரம் காதைக் கிழித்துவிடும். பட்டிமன்றம் முடிந்ததும் 100-க்குத் திருப்பிவிட அவரும் பழகிக்கொண்டார்.