விண்டோஸ் 10-க்குக் கூடுதல் ஓராண்டு: சேரலாமா?

2025 அக்டோபர் 14-ல் வழக்கமான அப்டேட் நின்றுபோன விண்டோஸ் 10-க்கு, வீட்டுப் பயனர்களுக்காக மைக்ரோசாஃப்ட் அறிவித்த நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11 ஏறாத கணினி என்றால் கட்டாயம் சேருங்கள். கட்டணம் 30 டாலர். செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் இலவசம். ஒரே கணக்கில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம், தாராளமான சலுகைதான்.

விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'என்ரோல் நவ்' வரவில்லையா? பதிப்பைப் பாருங்கள், 22எச்2 இல்லையென்றால் வரவே வராது. 2025 ஆகஸ்ட் அப்டேட்டையும் போட்டுவிடுங்கள். அந்த அப்டேட் வருவதற்கு முன், சேர்வதற்கான திரை திறந்ததும் மூடிக்கொள்ளும் கோளாறு இருந்தது. அட்மின் உரிமையுள்ள மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால்தான் சேர முடியும். பணம் கட்டுபவரையும் இப்படிக் கட்டாயப்படுத்துவது நியாயமில்லை. வருபவை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. புது வசதிகளை எதிர்பார்க்க வேண்டாம்.