கலியாண வீடியோ: எச்டியிலிருந்து டிவிடிக்கு எந்த வழியில் போனால் படம் கெடாது?

தங்கச்சியின் கலியாணத்தை எச்டியில் எடுத்து, மூன்று மணித்தியாலத்தையும் ஒரே இறுவட்டில் அடக்கி, ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். “தம்பி, அறுகரிசி போடேக்க பிள்ளையின்ர முகமே தெரியேல்லையடா, எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு” என்றா. அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. அதே மூலத்தை வைத்து ஒவ்வொரு வழியாகத் திரும்பச் செய்து பார்த்தேன்.

முதலில் இடக் கணக்கு. முகத்தைத் தின்றது அதுதான். சாதாரண இறுவட்டு 4.7 ஜிபி. மூன்று மணித்தியாலத்தை அதில் ஏற்றினால், ஒலியும் சேர்த்து வினாடிக்கு 3.4 மெகாபிட் அளவுதான் கிடைக்கும். மணவறையில் இருவரும் அசையாமல் இருக்கும்வரை அது போதும். அறுகரிசி பறந்து, பிளாஷ் அடித்து, ஓமப்புகை எழும்பும்போது ஒவ்வொரு பிரேமும் முந்தியதிலிருந்து மாறிவிடும். டிவிடி படத்தை அமுக்கும் முறையான எம்பெக்-2 தாங்காமல், படம் கட்டங்களாக உடைந்துவிடும். இரட்டை அடுக்கு இறுவட்டில் (8.5 ஜிபி) 6 மெகாபிட்டுக்குச் சற்று மேலே போகலாம். ஆனால் பழைய பிளேயர்கள் சில அதை வாசிக்க மறுக்கும். இரண்டு சாதாரண இறுவட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 90 நிமிடம், ஏறத்தாழ 6.9 மெகாபிட். என் தெரிவு இதுதான்: தாலி கட்டும்வரை ஒன்று, மிச்சம் மற்றது. ஒலியை அமுக்காத பிசிஎம்மில் விட்டால் அதுவே 1.5 மெகாபிட் பிடிக்கும். ஒலியை அமுக்கும் டொல்பி ஏசி-3 முறையில் 192 அல்லது 256 கிலோபிட் கொடுத்தாலே நாதஸ்வரமும் தவிலும் நன்றாகக் கேட்கும்.

அடுத்தது படத்தைச் சுருக்குவது. 1920×1080 படம் 720×576 ஆகும்போது புள்ளிகளில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த ஒரு பங்கை எப்படித் தெரிவுசெய்வது என்பதில்தான் மென்பொருள்கள் வேறுபடுகின்றன.

டிவிடி ஃப்ளிக், டிவிடி ஸ்டைலர் போன்ற இலவச மென்பொருள்கள் இலகு: கோப்பைப் போட்டு, மெனு செய்து, எழுதிவிடலாம். அவசரத்துக்கு நல்லது. ஆனால் என் கமரா 1080i எனும் இன்டர்லேஸ் முறையில், ஒற்றை வரிகளை ஒரு கணத்திலும் இரட்டை வரிகளை அடுத்த கணத்திலுமாகப் பதிவது. அதைப் பிரிக்காமல் நேரே சுருக்கினால் இரண்டு கணத்தின் வரிகளும் கலந்து, அசையும் கை இரண்டாகத் தெரியும். எடிட்டிங் மென்பொருளில் நேரே டிவிடிக்கு ஏற்றுமதி செய்யும்போதும் இதே ஆபத்து உண்டு. அந்த வரிகளைப் பிரிக்கும் டி-இன்டர்லேஸ் தெரிவைத் தேடிப் பார்க்க வேண்டும்.

மனதுக்குப் பிடித்த படம், ஸ்கிரிப்ட் எழுதிப் படத்தைப் பதப்படுத்தும் ஏவிஐசிந்த் (AviSynth), எம்பெக்-2 ஆக மாற்றும் எச்சிஎன்க் (HCenc) இரண்டையும் சேர்த்துச் செய்ததில்தான் வந்தது. ஏவிஐசிந்தில் ஓடும் கியூடிஜிஎம்சி (QTGMC) என்ற ஸ்கிரிப்ட் மூலம் வரிகளைப் பிரித்து வினாடிக்கு 50 முழுப் படமாக்கி, பிறகு சுருக்கி, திரும்ப இன்டர்லேஸ் ஆக்குவது. நிறத்தையும் எச்டிக்கான 709 முறையிலிருந்து டிவிடிக்கான 601 முறைக்கு மாற்றுவது. கடைசியில் இரண்டு சுற்று மாறும் பிட்ரேட்டில் (முதல் சுற்றில் படத்தை அளந்து, இரண்டாவதில் அசைவு கூடிய இடத்துக்குக் கூடுதல் பிட் கொடுத்து) எழுதுவது. என் பழைய கணினியில் இரவு போட்டால் விடியத்தான் முடியும். கூறைச் சேலையின் சரிகை வரிகள் மினுங்கித் துடித்தபோது, மெல்லிய மங்கலை மேலும் கீழுமாகச் சேர்த்தேன், துடிப்பு அடங்கியது. ஸ்கிரிப்ட் எழுதப் பயப்படுபவர்களுக்கு ஏவிஎஸ்டுடிவிடி நல்ல நடுவழி. அது உள்ளே இதே கருவிகளைத்தான் பயன்படுத்துகிறது.

படத்தின் உச்ச பிட்ரேட் 9.8 மெகாபிட் வரை போகலாம் என்று டிவிடி தரநிலை சொன்னாலும், வீட்டில் எழுதிய இறுவட்டில் நான் 8ஐத் தாண்டுவதில்லை. பழைய பிளேயர் இடையில் நின்றுவிடும்.

லண்டனுக்கும் ஜேர்மனிக்கும் போகும் கொப்பிக்கு இங்குள்ள பால் (PAL) தொலைக்காட்சி முறையே சரி. கனடாவில் டிவிடிக்கு என்டிஎஸ்சி (NTSC) முறை. அந்தக் கொப்பியை பால் இறுவட்டிலிருந்து மாற்றக்கூடாது. பிரித்த 50 படத்திலிருந்தே 720×480க்குத் தனியாகச் செய்ய வேண்டும். பெரியம்மாவுக்கு இரண்டாம் முறை அனுப்பியது அப்படிச் செய்ததுதான். அறுகரிசி விழும் இடத்தில் நிறுத்திப் பார்த்தாவாம். தங்கச்சியின் கண் கலங்கியிருந்தது தெரிந்ததாம்.