காது கேட்கும் கருவியா, காக்ளியர் இம்ப்ளாண்டா? உட்செவியின் சேதத்தை வைத்து ஓர் அலசல்

மலேசியாவின் பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இயந்திர இரைச்சலுக்கு நடுவே பல்லாண்டு உழைத்து ஓய்வுபெற்ற அப்பாவுக்குக் காது கேட்கும் கருவி போதுமா, அல்லது உட்செவிக்குள் மின்கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவைச் சிகிச்சைதான் வழியா என்ற கேள்வி பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பல வீடுகளில் எழுகிறது. அந்தப் பேச்சு பெரும்பாலும் விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் இவ்விரண்டும் உட்செவியின் வெவ்வேறு இழப்புகளுக்கு மாற்றாக வருபவை. எது பழுதாகியிருக்கிறது என்று அறியாமல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சரியாகாது.

உட்செவியில் உள்ள நத்தை வடிவச் சுருளான காக்ளியாவில், நுண்ணிய முடி போன்ற இழைகள் கொண்ட செல்களில் இரு வகை உண்டு: ஒரு காதுக்கு ஏறத்தாழ 12,000 வெளிமுடிச் செல்களும் 3,500 உள்முடிச் செல்களும் இருக்கின்றன. வெளிமுடிச் செல்கள் ஒலியின் தாளத்துக்கேற்ப நீண்டும் சுருங்கியும் மெல்லிய ஒலிகளைப் பெருக்கித் தருகின்றன. உள்முடிச் செல்கள் அந்த அதிர்வை நரம்புச் சமிக்ஞையாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. இரைச்சலில் முதலில் அடிபடுபவை பெரும்பாலும் வெளிமுடிச் செல்கள், அதிலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் சுருதிப் பகுதியில் உள்ளவை. மனிதக் காதில் இவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இன்று ஓய்வில் இருப்பவர்களில் பலர், 90 டெசிபலை எல்லையாகக் கொண்ட 1989ஆம் ஆண்டு மலேசிய இரைச்சல் விதிகளின் காலத்தில் வேலை பார்த்தவர்கள். நாளுக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று அந்த எல்லை குறைக்கப்பட்டது 2019இல்தான்.

வெளிமுடிச் செல்கள் போய், உள்முடிச் செல்கள் ஓரளவு தப்பியிருக்கும் காதுக்குக் கேட்கும் கருவியே பொருத்தமானது. மெதுவாகப் பேசினால் "என்ன?" என்பதும், சற்று உரக்கப் பேசியதும் "ஏன் இப்படிக் கத்துகிறாய்?" என்று எரிச்சல் படுவதும் முதுமையின் பிடிவாதம் அல்ல. ஒலிபெருக்கும் செல்களை இழந்த காதில், கேட்கத் தொடங்கும் அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் இடையிலான தூரம் குறுகிவிடுகிறது. நல்ல கருவி மெல்லிய ஒலியை அதிகமாகவும் வலிய ஒலியைக் குறைவாகவும் பெருக்கி, அந்தக் குறுகிய இடைவெளிக்குள் பேச்சைப் பொருத்தித் தருகிறது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண ஒலிபெருக்கிகளில் பல எல்லா ஒலியையும் ஒரே மாதிரி உயர்த்துவதால், எஞ்சியிருக்கும் செல்களுக்கும் கேடு விளையலாம். அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. பட்டு, தட்டு, கட்டு என்ற சொற்களைப் பிரித்துக் காட்டும் முதல் மெய்யொலி கணப்பொழுதில் வந்து மறைவது. அதன் அடையாளம் பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில் இருக்கிறது. அந்தப் பகுதியில் உள்முடிச் செல்களும் இறந்துவிட்டால், எவ்வளவு பெருக்கினாலும் அங்கே சமிக்ஞையாக மாற்ற ஆளில்லை. "சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை" என்று அப்பா சொல்வது இந்த நிலையின் அறிகுறியாக இருக்கலாம்.

அந்த இடத்தில்தான் காக்ளியர் இம்ப்ளாண்ட் வருகிறது. அது முடிச் செல்களை முற்றாகத் தாண்டி, சுருளுக்குள் செருகப்படும் மின்முனைகளின் வழியே செவி நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. மெல்பர்னில் கிரேம் கிளார்க் 1978இல் பல மின்முனைக் கருவியை ஒருவருக்குப் பொருத்தினார். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் இம்ப்ளாண்ட் திட்டம் 1995இல் தொடங்கியது. ஆயிரக்கணக்கான செல்கள் செய்த வேலையை இன்றைய கருவிகளிலும் 12 முதல் 22 மின்முனைகளே செய்கின்றன என்பதால், பேச்சு நன்கு புரியத் தொடங்கிய பிறகும் நாதஸ்வரத்தின் கமகம் பழையபடி கேட்பதில்லை. அறுவைச் சிகிச்சையில் எஞ்சிய இயற்கைச் செவித்திறன் குறையவோ முற்றாகப் போகவோ வாய்ப்பு உண்டு. கருவியை இயக்கிய பிறகு பல மாதப் பயிற்சியும் வேண்டும். செவி நரம்பே இல்லாதவருக்கு இது பயன்படாது. பிறவியிலேயே இரு காதும் கேளாத குழந்தைக்கோ கணக்கு வேறு: கேட்கும் கருவியால் போதிய பயன் இல்லை என்று தெரிந்ததும், மொழி பதியும் முதல் ஆண்டுகளிலேயே இம்ப்ளாண்ட் செய்வது நல்லது. அங்கே தாமதத்தின் விலை மிகப் பெரிது.

புதிய மருந்து வரட்டும் என்று காத்திருக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஓட்டோஃபெர்லின் மரபணுக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகளுக்கு மரபணுச் சிகிச்சையால் கேட்கும் திறன் வந்ததை 2024இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆனால் அக்குழந்தைகளின் முடிச் செல்கள் உயிருடன் இருந்தன. ஓட்டோஃபெர்லின் என்ற ஒரு புரதம் மட்டுமே குறைவு. இரைச்சலால் செல்களே அழிந்துபோன காதுக்கு அந்த வெற்றி பொருந்தாது. செல்களை மீண்டும் வளர்க்க முயன்ற எஃப்எக்ஸ்-322 என்ற மருந்து 2023இல் சோதனையில் தோற்றது. எழுபது வயதில் காத்திருப்பது, பேச்சிலிருந்து ஒதுங்கி வாழும் ஆண்டுகளைக் கூட்டுவதுதான்.

ஆகவே பெரியவர்களுக்கு முதலில் கேட்கும் கருவியையே நான் சொல்வேன். இரு காதுகளிலும் முறையாகப் பொருத்தி, சில மாதம் விடாமல் அணிந்த பிறகும் உதட்டைப் பார்க்காமல் பேச்சு புரியவில்லை என்றால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இம்ப்ளாண்ட் மதிப்பீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். அந்த மதிப்பீட்டில், எந்தச் சுருதி எவ்வளவு உரக்க ஒலித்தால் கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் வரைபடத்தைவிடச் சொற்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையே கனமானது. தமிழ் மட்டுமே சரளமாக அறிந்த பாட்டியை மலாய்ச் சொற்களைத் திருப்பிச் சொல்லச் செய்தால், தவறுவது காதா மொழியா என்று பிரித்தறிய முடியாது. எனவே தமிழ்ச் சொற்பட்டியல் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையெனில், பாட்டிக்கு எந்த மொழி எவ்வளவு தெரியும் என்பதை முடிவுத்தாளிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.