ஓட்டு வீடா, தள வீடா? தர்மபுரியில் வாங்கிப் புதுப்பித்து விற்க எது தோது?

குடும்பமாகச் சேர்ந்து பழைய வீட்டை வாங்கி, சரிசெய்து விற்கலாம் என்று தர்மபுரியில் இறங்கினால், தரகர்கள் காட்டுவது பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, குமாரசாமிப்பேட்டை, அன்னசாகரம் மாதிரி பழைய தெருக்களில் நிற்கிற ஓட்டு வீடு. இன்னொன்று, இருபது இருபத்தைந்து வருடத்துக்கு முன் மனை பிரித்த இடத்தில் கட்டிய தள வீடு. பாரதிபுரம், இலக்கியம்பட்டி பக்கம் இந்த வகை கிடைக்கும். எங்கள் வீட்டில் அப்பா மேஸ்திரி, தம்பி டைல்ஸ் வேலை, பத்திரமும் கணக்கும் நானும் என் மனைவியும். நாங்கள் பிடித்தது தள வீட்டை. நான் எந்தக் கட்சி என்று இப்போதே தெரிந்துவிட்டது, சரி.

விலையில் ஓட்டு வீடுதான் மலிவு, அதில் பேச்சே இல்லை. கடைவீதியும் பஸ்ஸும் பக்கம். திண்ணையும் மரத்தூணும் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்களில் பலர் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள், அட்வான்ஸ் கொடுக்கிறவர்கள் அல்ல.

வேலையைப் பொறுத்தவரை, மண் சாந்தில் கட்டிய சுவரில் கரன்ட் பைப்புக்குக் காடி வெட்டினால் கூடவே ஒரு கூடை மண் கொட்டும். எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. தள வீட்டின் நோய்கள் தெரிந்தவை: பாத்ரூம் சுவரில் உப்புப் பூத்திருக்கும், சன்ஷேடில் கம்பி துருப்பிடித்துத் தெரியும், மொட்டை மாடியில் தட்டோடு பெயர்ந்திருக்கும். அப்பா உள்ளே போனதும் கரணைக் காம்பால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே நடப்பார். பொத்தென்று சத்தம் வருகிற இடத்தில் சாக்பீஸால் வட்டம். வட்டங்களைக் கூட்டிப் பார்த்தால் பூச்சு வேலைக்கு எவ்வளவு என்று அன்றைக்கே சொல்லிவிடலாம்.

ஆனால் நாங்கள் முடிவெடுத்தது இதை வைத்து அல்ல. நம்மிடம் வாங்கப்போகிறவருக்கு வங்கிக் கடன் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. இங்கே முப்பது லட்சத்து வீடு வாங்க வருகிறவர் யார்? ஆசிரியர், போலீஸ்காரர், ஓசூரில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டு சொந்த ஊரில் வீடு தேடுகிறவர். எல்லாரும் சம்பளக்காரர்கள், லோன் போட்டுத்தான் வாங்குவார்கள். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தர ரிசர்வ் வங்கி விதி இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தப் பணம் வருவதற்கு முன் வங்கியின் வக்கீல் மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது, கட்டட அனுமதி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்.

ஓட்டு வீடு மாட்டுவது இங்கேதான். பல வீடுகள் நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று விட்ட இடத்தில் இருக்கும். நத்தம் பட்டா இருக்கும், தாத்தா காலத்துப் பத்திரம் இருக்காது, பிளான் என்ற பேச்சே கிடையாது. அப்புறம் வாரிசுகள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. நாங்கள் பேசி முடித்த ஒரு ஓட்டு வீட்டில் அண்ணன் தம்பி மூவரும் கையெழுத்துக்குத் தயார். பெங்களூரில் இருக்கிற அக்கா மட்டும் "பார்க்கலாம்" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். லோன் கிடைக்காத வீட்டுக்கு ரொக்கக்காரர் வந்தால்தான் உண்டு, அவரோ அடிமாட்டு விலைக்குக் கேட்பார்.

வாங்கிய வீடு விற்கக் காத்திருப்பதும் சும்மா இல்லை, போட்ட பணம் முடங்கிக் கிடக்கும். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 20 லட்சத்துக்கு வாங்கினால் 1,80,000 ரூபாய் முதல் நாளே போய்விடுகிறது. இதை மிச்சம் பிடிக்க, கிரயம் பண்ணாமல் அக்ரிமென்டும், உரிமையாளர் சார்பில் விற்க அதிகாரம் தரும் பவர் பத்திரமும் வாங்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவர் செல்லாது என்பதால் எங்களுக்கு அதில் தைரியம் வரவில்லை. ஓட்டு வீட்டுக்கு இங்கே ஒரு சலுகை மட்டும் உண்டு: 10 லட்சத்துக்குள் இருந்து பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது.

தள வீட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்கென்று வந்த 2017 வரன்முறைத் திட்டத்தில் கட்டணம் கட்டி உத்தரவு வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். தண்ணீரும் முக்கியம். ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீருக்குப் பேர்போன மாவட்டம் இது. வருகிறவர் கிச்சனைப் பார்ப்பதற்கு முன்பே "ஒகேனக்கல் தண்ணி வருதா?" என்று, காவிரிக் குடிநீர் இணைப்பைத்தான் கேட்கிறார். இணைப்பு இருந்தால் நாங்கள் மாடுலர் கிச்சனுக்குக் கூடச் செலவு செய்வதில்லை.

ஓசூரில் கணக்கு வேறாக இருக்கலாம். அங்கே நாங்கள் ஒரு வீட்டையும் தொட்டதில்லை, அதனால் இதை அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள். தர்மபுரியிலேயே, பத்திரம் சுத்தமாக, அகலமான ரோட்டைப் பார்த்த ஓட்டு வீடு வந்தால் நாங்களும் வாங்குவோம். ஆனால் அதில் டைல்ஸ் ஒட்ட மாட்டோம். ஓட்டையும் மரத்தையும் தனியாக விற்றுவிட்டு, இடமாகத்தான் கொடுப்போம்.