சோற்றுப் பானையா, கடைப் பையா? தைரொயிட் குறைந்த நாயின் எடைக் கணக்கு

யாழ்ப்பாணத்தில் கொழுத்த நாயைப் பார்த்து எவரும் கவலைப்படுவதில்லை. நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று வீட்டுக்காரருக்குப் பாராட்டுத்தான் கிடைக்கும். அதனால் தைரொயிட் சுரப்புக் குறைந்த நாய் மிருக வைத்தியரிடம் போய்ச் சேர்வதற்குள் பல மாதங்கள் ஓடிவிடுகின்றன. சாப்பாடு கூடாமலேயே எடை ஏறும். வாலில் மயிர் உதிர்ந்து எலிவால் போலாகும். விலாவின் இரு பக்கமும் ஒரே மாதிரி மயிர் கொட்டும். ஆனால் பெரும்பாலும் சொறியாது. எங்கள் வெயிலில் இன்னோர் அடையாளமும் எளிதில் பிடிபடும்: வளவிலுள்ள மற்ற நாய்கள் மாமர நிழலில் கிடக்க, இது மட்டும் சீமெந்து முற்றத்தில் வெயில் காயும். நடுத்தர வயதில் வரும் நோய் இது. டோபர்மன், கோல்டன் ரெட்ரீவர் போன்ற இனங்களில் அதிகம்.

எடையைக் குறைக்கக் குளிசையா, சாப்பாட்டுக் கட்டுப்பாடா என்று கேட்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. குளிசைதான் முதலில். நாய்களில் பெரும்பாலும் தைரொயிட் சுரப்பியே அழிந்துபோவதால்தான் இந்த நோய் வருகிறது. அயடீன் குறைவால் அல்ல. ஆகவே அயடீன் உப்பைக் கூட்டிப் போடுவதாலோ கடல் மீனை அள்ளிக் கொடுப்பதாலோ சுரப்பி திரும்பி வராது. குளிசை இல்லாமல் சாப்பாட்டை மட்டும் பாதியாக்கினால், ஏற்கெனவே சோர்ந்து கிடக்கும் நாய் பசியோடு சோர்ந்து கிடக்கும்.

குறைந்த சுரப்பை ஈடுசெய்யும் அந்தக் குளிசை, மனிதர்களுக்குக் கொடுக்கும் அதே லெவோதைரொக்சின்தான். அளவுதான் வேறு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 0.1 மில்லிகிராம் போதும். நாய்க்கு வழக்கமான தொடக்க அளவு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம், பெரும்பாலும் இரு வேளை. 25 கிலோ நாய்க்கு ஒரு வேளைக்கே 0.5 மில்லிகிராம் ஆகிறது. 50 மைக்ரோகிராம் குளிசையாக வாங்கினால் ஒரு வேளைக்குப் பத்து! பாமசிக்காரர் சீட்டை இரண்டு முறை படிப்பதில் வியப்பில்லை. நாயின் குடல் இதைக் குறைவாகவே உறிஞ்சுகிறது, உடலும் விரைவாக வெளியேற்றிவிடுகிறது. பயந்து நீங்களாகவே பாதியாக்க வேண்டாம். வைத்தியர் எழுதியதைக் கொடுங்கள். அளவு கூடினால் அது தெரியும்: அதிக தாகம், இளைப்பு, அமைதியின்மை, வேகமான நெஞ்சுத் துடிப்பு.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம். ஒரு பக்கம் வீட்டுப் பானை, மறு பக்கம் எடை குறைப்பதற்கென்று விற்கும் இறக்குமதி உலர் உணவு.

30 கிலோவுக்கு ஏறிவிட்ட, 25 கிலோ இருக்க வேண்டிய ஒரு லாப்ரடோரை எடுத்துக்கொள்வோம். இலக்கு எடையை வைத்துக் கணக்கிட்டால், எடை குறைப்புக்கு அதற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 780 கலோரி. இப்போது வழக்கமான நாய்த்தட்டைப் பாருங்கள். 400 கிராம் சோறு வைத்தால் அதிலேயே 520 கலோரி. மிஞ்சிய புட்டில் கலந்து வரும் 50 கிராம் தேங்காய்ப்பூவில் இன்னும் 175. மீன் துண்டு எதுவும் விழுவதற்கு முன்பே கணக்குக் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. போதாததற்கு, மிஞ்சிய குழம்பில் வெங்காயமும் உள்ளியும் இருக்கும். அவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களுக்குக் கேடு.

அதே பானையை இப்படி மாற்றலாம்: 150 கிராம் சோறு, முள் நீக்கி அவித்த 300 கிராம் பாரை, ஒரு முட்டை, 300 கிராம் பூசணியும் போஞ்சியும், ஒரு தேக்கரண்டி எண்ணெய். எழுநூறுக்குச் சற்று மேல் வரும், தட்டும் நிறைந்திருக்கும். கோவா போட்டால் தைரொயிட்டுக்கு ஆகாது என்கிறார்கள். அவித்து அளவாகப் போட்டால் அஞ்ச வேண்டியதில்லை. பானையின் பலம் இதுதான்: மீன் எங்கள் சந்தையில் புதிதாகக் கிடைக்கிறது, நாயும் விரும்பிச் சாப்பிடுகிறது. பலவீனம், சுண்ணாம்புச் சத்தும் நாகச் (சிங்க்) சத்தும் வேறு சில விற்றமின்களும் நாளடைவில் குறைவது. அதற்கு வைத்தியர் சத்துத்தூள் எழுதித் தருவார். அந்தத் தூளைத் தைரொயிட் குளிசையோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். சுண்ணாம்புச் சத்து குளிசையை உறிஞ்சவிடாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

பையில் அந்தத் தொல்லை இல்லை. சத்துகள் கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டிருக்கும், 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்பதும் பெரும்பாலும் பையிலேயே அச்சிட்டிருக்கும். ஆனால் 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு இறக்குமதிப் பையின் விலை பல வீடுகளுக்கு எட்டவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், எங்கள் ஆட்கள் அதை உணவாக எண்ணாமல் சோற்றுக்கு மேல் தூவும் மிக்சர் போல நடத்துவது. சோறும் குறையாது, பையும் தீரும், நாய் இன்னும் பருக்கும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் போட்டியின் போக்கே மாறிவிடும். 25 நாளும் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை; நாயும் சேர்ந்து விரதம். மீன் இருந்த இடத்தில் சோறும் பருப்பும் ஏறும், மாவுச்சத்துக் கூடும், தசைக்குத் தேவையான புரதம் குறையும். சிலர் சோயா மீற் போடுகிறார்கள். புரதம் என்ற அளவில் சரிதான், ஆனால் சோயாவும் குளிசையின் உறிஞ்சலைக் குறைக்கக்கூடியது. அந்த நாட்களுக்குப் பைதான் சரி என்பேன். புதிய உணவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே சிறிது சிறிதாகப் பழக்கிவிடுங்கள்.

மற்ற நாட்களில் என் ஓட்டு பானைக்கே. ஆனால் அது சமையலறைத் தராசு இருக்கும் வீட்டுக்கு, சாப்பாடு வைப்பவர் ஒருவராக இருக்கும் வீட்டுக்கு. அப்பம்மா பாண் விளிம்பைக் கொடுப்பார், பேரன் பணிஸ் கொடுப்பான், பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எலும்பு எறிவார் என்றால், காலையில் நாள் அளவை நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு, எவர் கொடுத்தாலும் அதிலிருந்தே கொடுக்கச் சொல்லும் வசதி பையில்தான் உண்டு. பானையில் அதைச் செய்ய முடியாது.

நடை பற்றியும் ஒரு வார்த்தை. சாப்பாட்டைக் குறைக்க மனமில்லாதவர்கள் நடையை நம்புகிறார்கள். 25 கிலோ நாய் ஒரு கிலோமீற்றர் நடந்தால் செலவாவது ஏறக்குறைய ஒரு மாரி பிஸ்கட்டின் கலோரி. பண்ணைக் கடற்கரையில் ஒரு கிலோமீற்றர் நடந்து முடித்து, மெச்சி இரண்டு பிஸ்கட் கொடுத்தால் கணக்கு நட்டத்தில் முடியும். தசைக்கும் மூட்டுக்கும் நடை தேவை. எடையைக் குறைப்பது தட்டு. குளிசை தொடங்கி நாய் தெம்பாகும் வரை, பொதுவாக ஒன்றிரண்டு வாரம், இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். பிறகும் வெயில் ஏறுமுன் போய்வர வேண்டும். பருத்த நாய்க்குத் தார் வீதியின் சூடு உயிருக்கே ஆபத்தாகலாம்.

குறையும் வேகம் வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 வீதம் என்றால் போதும். 30 கிலோ நாய்க்கு அது 300 முதல் 600 கிராம். மயிர் முளைக்கப் பல மாதம் ஆகும், அதை வைத்து மருந்தை அளக்காதீர்கள்.

நல்லூர் நாட்களைத் தவிர, பானையோ பையோ, ஒன்றைப் பிடித்தால் அதிலேயே நில்லுங்கள். குளிசையைச் சாப்பாட்டோடு கொடுத்தால் எப்போதும் சாப்பாட்டோடு, வெறும் வயிற்றில் என்றால் எப்போதும் வெறும் வயிற்றில். நார்ச்சத்துக் கூடிய பைக்கு மாறினால் உறிஞ்சலும் மாறக்கூடும் என்பதால் இரத்தத்தில் தைரொயிட் சுரப்பின் அளவைப் பார்க்கும் ரி4 பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். வழக்கமாக மருந்து தொடங்கிய அல்லது அளவு மாற்றிய 4 முதல் 8 வாரத்தில், காலைக் குளிசை கொடுத்து 4 முதல் 6 மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். குளிசை கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்; கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.